செராஸ் அடுக்குமாடிகளின் அடியில் ஒரு கீரைப் பாத்தி

புதன்கிழமை இரவு தாமான் கொனாட் சந்தைக்குள் நுழைந்தால் கோலாலம்பூரின் செராஸில் சாப்பாட்டுக்கு என்ன குறை என்றே தோன்றும். ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டருக்குக் கடைகள். பொரித்தது, வறுத்தது, சீனிப்பாகில் தோய்த்தது என எல்லாம் உண்டு. ஆனால் கோலாலம்பூர் வட்டாரத்தின் மலிவுவிலை அடுக்குமாடிகளில் யுனிசெஃப் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வு வேறு கணக்கைக் காட்டியது. அங்கு ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 15 விழுக்காட்டினர் எடை குறைந்தவர்கள். விலைவாசிதான் சத்தாகச் சமைக்க விடாமல் தடுக்கிறது என்று பெரும்பாலான குடும்பங்கள் சொல்லியிருந்தன.

இதற்கு மருந்தாகச் சமூகத் தோட்டத்தை முன்வைத்தால் சிலர் சிரிக்கக்கூடும். அரிசியையும் கோழியையும் தோட்டம் தராதுதான். கீரை, வெண்டை, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தரும். மாதக் கடைசியில் பல வீடுகளில் முதலில் காணாமல் போவதும் இவைதானே. முளைக்கீரை ஒரு மாதத்தில் பறிப்புக்கு வந்துவிடும். கங்கோங் கீரையை அடிவிட்டு நறுக்கினால் மறுபடி துளிர்க்கும். மாலை மழை நாற்றுகளை அடித்துக்கொண்டு போகாமலிருக்க மேட்டுப்பாத்தி வேண்டும். மீன்கடைகள் வீசியெறியும் வெள்ளை நுரைப்பெட்டியே அதற்குப் போதும். அடியில் ஓட்டை போட மறந்தால் தண்ணீர் தேங்கிக் கொசு முட்டையிடும், டிங்கி வரும் என்ற அதிகாரிகளின் அச்சமும் நியாயமானதே.

வீட்டருகே பயிர் செய்யும் யோசனை இந்த நாட்டுக்குப் புதிதல்ல. துன் ரசாக் பிரதமராக இருந்தபோது 1974-இல் 'பசுமைப் புத்தகம்' திட்டம் வந்தது. செராஸில் அவர் பெயரில் ஒரு வட்டாரமே இருக்கிறது. தமிழர்களுக்கோ இதைக் கற்றுக்கொடுக்கவே வேண்டாம்: ரப்பர் தோட்டத்து லயங்களின் பின்புறம் முருங்கையும் மரவள்ளியும் வளர்த்தவர்களின் பிள்ளைகள்தாம் இன்று பலமாடி வீடுகளில் குடியிருக்கிறார்கள்.

குறை நிலத்தில்தான். நிலம் இல்லை என்பதல்ல, கையில் உரிமைத் தாள் இல்லை என்பது. பங்சாரில் நிலவடிவமைப்பாளர் இங் செக் சான் முன்னின்று 2017-இல் தொடங்கிய 'கெபுன்-கெபுன் பங்சார்' சமூகத் தோட்டம், உயரழுத்த மின்கம்பிகளுக்குக் கீழே சும்மா கிடந்த சுமார் எட்டு ஏக்கரில் எழுந்தது. விளைந்ததை அறப்பணிச் சமையலறைகளுக்குக் கொடுத்தார்கள். அக்கம்பக்கத்தார் சிலர் எதிர்த்தார்கள். 2021-இல் அங்குள்ள கட்டுமானங்களை அகற்றச் சொல்லி நில அலுவலகத்தின் அறிவிப்பும் வந்தது. ஊரறிந்த, வசதியான பங்சாருக்கே இந்தக் கதி என்றால், பி.பி.ஆர். எனும் மலிவுவிலை அரசுக் குடியிருப்பில் நாலு பாத்தி போடும் அக்காமார்களுக்கு யார் துணை?

சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே பூங்காக் கழகம் 2.5 மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமுமான பாத்தியை ஆண்டுக் கட்டணம் வாங்கிக்கொண்டு மூன்றாண்டுக்கு எழுதித் தருகிறது. தோட்டக்காரருக்குத் தவணை தெரியும். அடுத்த மாதம் மண்வாரி இயந்திரம் வருமோ என்ற பயம் இல்லை.

கோலாலம்பூர் மாநகர் மன்றமும் இதைச் செய்யலாம். செராஸின் தேசா துன் ரசாக், ஜாலான் பீல் குடியிருப்புகளில் தொடங்கட்டும்: ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு நிலம், மூன்றாண்டு அனுமதிக் கடிதம், ஒரு தண்ணீர்க் குழாய், வாரமொரு முறை கொசுச் சோதனை. விதைக்கு வேண்டிய காசைக் குடியிருப்போரே போட்டுக்கொள்வார்கள்.