பழைய வீதியும் புதிய மாடியும்

ஒரு நகரத்தின் பெருமையை அதன் கோபுரங்களையும் கோட்டைகளையும் கொண்டு அளவிடுதல் உலக வழக்கம். ஆயினும் நகரம் நாள்தோறும் உயிரோடு இயங்குவது அவற்றினால் மட்டும் அன்று. நிரையாக நிற்கும் கடைகளும், அவற்றின்மேல் அமைந்த குடியிருப்புகளும், வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க இடந்தரும் விறாந்தைகளுமே அதனை இயக்குகின்றன. கோட்டைக்குக் காவலர் உளர். கோயிலுக்கு அடியார் உளர். பழைய கடைவீதிக்கு யார் உளர்? இவ்வினாவையே ஈண்டு ஆராயக் கருதுகின்றோம்.

கொழும்பிலே பேரை வாவிக்கு அணித்தாயுள்ள கொம்பனித்தெருவை எடுத்துக்கொள்வோம். மலாயரும் சோனகரும் தமிழரும் சிங்களவரும் நெடுங்காலமாக அயலவராய் வாழ்ந்த பகுதி அது. அங்கு 19ஆம் நூற்றாண்டில் எழுந்த டி சொய்சா கட்டிடம், கீழே கடைகளும் மேலே குடியிருப்புகளுமாகத் தெருமுனையை அணிசெய்து நின்றது. 2021ஆம் ஆண்டில் அது தகர்க்கப்பட்டது. இன்று அச்சூழலிற் பல பத்து மாடிகள் கொண்ட கோபுரங்கள் வானளாவி நிற்கின்றன. அவற்றிற் குடியேறுவோர் புதியவர். பழைய கடைக்காரருள் அங்கு வாடகை கொடுக்க வல்லார் எத்தனை பேர்? கட்டிடம் வீழும்போது கல்லும் ஓடும் மட்டும் வீழ்வதில்லை. சிறு முதலோடு தொழில் நடத்திய தையற்காரன், புத்தகக் கடைக்காரன், சிற்றுண்டிச்சாலைக்காரன் ஆகியோரின் நிழலும் உடன் வீழ்கின்றது. நாம் பெரிதும் வருந்துவது இதன்பொருட்டே.

சட்டம் காக்காதோ எனச் சிலர் வினவலாம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச்சட்டம், கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமான 1815ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆந் திகதியை எல்லையாக வகுத்துள்ளது. அதற்கு முற்பட்ட சின்னங்களைப் புராதனமெனக் கொள்ளும். பிற்பட்டவை நூறாண்டு கடந்தனவாயினும் வர்த்தமானியிற் பிரகடனஞ் செய்யப்பட்டாலன்றிப் பாதுகாப்புப் பெறா. கடைவீதிகளிற் பெரும்பாலான கட்டிடங்கள் இவ்வெல்லைக்குப் பின் எழுந்தவை. ஆண்டை எண்ணும் சட்டம் அரண்மனையைக் காக்கலாம். வீதியைக் காப்பது அரிது.

உடையவர் பக்கத்து நியாயத்தையும் மறுத்தற்கில்லை. 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் குடியிருப்போரைக் காத்தது. ஆனால் வாடகை குறைந்து நிற்கவே, கூரை ஒழுகினும் திருத்த மனமின்றி உரிமையாளர் பலர் வாளாவிருந்தனர். நிலத்தின் விலையோ நாளுக்கு நாள் ஏறியது. ஈராண்டு வாடகை ஓடு மாற்றவும் போதாதபோது, விற்பதே அறிவென அவர் எண்ணியதில் வியப்பில்லை. ஆகலின், பழையதைக் காக்க என்று உபதேசிப்போர், காப்பதற்கான செலவை யார் தாங்குவதென்பதையும் சொல்லக் கடமைப்பட்டவராவர். வரிச்சலுகையும் திருத்தக் கடனும் இன்றிக் காவல் என்பது வெறுஞ் சொல்லாகும்.

'சிங்கப்பூரைப் போல் ஆவோம்' என்பது நம் நாட்டில் அடிக்கடி கேட்கும் முழக்கம். நன்று, ஆனால் முழுவதையும் கற்போம். 1960களிலும் 1970களிலும் பழைய தெருக்கள் பலவற்றை இடித்த அந்நாடே, 1989இல் சைனா டவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் முதலிய பகுதிகளைப் பாதுகாப்புக்குரியனவாக அறிவித்தது. இன்று அங்குக் காக்கப்படுவன 7,000க்கு மேற்பட்ட கட்டிடங்கள். உயர்மாடிகள் அங்கும் உள; பழைய வீதிகளும் உள. நம் நாட்டிலும் சான்று இல்லாமலில்லை. கொழும்புக் கோட்டையில் ஒல்லாந்தர் 17ஆம் நூற்றாண்டிற் கட்டிய வைத்தியசாலை, 1996இல் மத்திய வங்கிக் குண்டுவெடிப்பிற் சேதமுற்றும், திருத்தப்பெற்று 2011 முதல் கடைகளும் உணவகங்களுமாகப் பயன்படுகின்றது. பழமை வருவாய்க்குப் பகையன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இனி நம் யாழ்ப்பாண நகரத்தை நோக்குவோம். 1981இல் நூலகம் எரிந்தது. பின்வந்த போரிற் கடைகளும் வீடுகளும் நகரமண்டபமும் அழிந்தன. எஞ்சிய நாற்சார் வீடுகளும் ஓட்டுக் கடைகளும் சிலவே. அவற்றுட் பலவற்றின் உறுதிகள் இன்று கொழும்பிலும் இலண்டனிலும் தொறன்ரோவிலும் வாழ்வோர் கையில் உள்ளன. இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருள்ளும் அத்தகையோர் பலர் இருப்பர். போர் விட்டுவைத்ததை நாமே இடித்தல் தகுமோ?

மாடிகள் வேண்டாவென்று நாம் கூறவில்லை. இட நெருக்கடியும் இளையோர் தேவையும் நாம் அறியாதன அல்ல. நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, விலை பேசுமுன் தேர்ந்த பொறியியலாளரைக் கொண்டு கட்டிடத்தின் உறுதியைப் பரிசோதிப்பித்தல். பழையன யாவும் பழுதுற்றன அல்ல. இரண்டாவது, தெருமுகத்து நிரையை நிலைநிறுத்தி, உயரத்தைப் பின்வளவில் எழுப்புதல். பழைய குடியிருப்பாளர் தாங்கக்கூடிய வாடகையில் அந்நிரையிலே அவர்க்கு இடமளித்தல். மூன்றாவது, இடித்தே தீரவேண்டுமாயின், அளந்து வரைந்து புகைப்படமெடுத்து நூலகத்திற் சேர்ப்பித்தல்.

பொறியியலாளரும் சட்டத்தரணிகளும் நகரசபை உத்தியோகத்தரும் வணிகரும் நம் கல்லூரி ஈன்ற மக்களுள் உளர். இம்மூன்றையும் நிறைவேற்றும் வலி அவர்கட்கு உண்டு. யூபிலி என்பது கடந்த ஆண்டுகளை எண்ணி மகிழும் காலம். அவ்வாண்டுகள் வாழ்ந்த வீதியையும் எண்ணுதல் முறையன்றோ!