ஆயுசுக்கும் ஏணி ஏற வேண்டாமாம்!

புரட்டாசி பிறந்துவிட்டது. கூரை விளிம்பில் மழைத் தண்ணீரை ஏந்தத் தொங்கவிட்டிருக்கிற தகரத்துக்கு இலைத் தடுப்பு வலை போட்டுத் தருகிறோம், ஆயுசுக்கும் ஏணி ஏற வேண்டாம் என்று ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். ஓட்டு வீட்டுக்காரர்களும் மாடியில் தகரக் கொட்டகை போட்டவர்களும் அடிக்கு இவ்வளவு என்று பேசி வாங்குகிறார்கள். வீண் செலவு என்பதோடு விட்டிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். இது குடிக்கிற தண்ணீரில் கை வைக்கிற செலவு.

இந்த வலை எந்த ஊருக்காகப் பிறந்தது என்று பாருங்கள். அமெரிக்காவில் கூரைத் தகரம் சாதாரணமாக 5, 6 அங்குல அகலம். அங்கே உதிர்வது மேப்பிளும் ஓக்கும். உள்ளங்கை அகல இலை வலை மேல் விழும், காயும், காற்றில் பறக்கும். நம் வீட்டுத் தகரமோ 3, மிஞ்சினால் 4 அங்குலம். அதில் விழுவது வேப்பஞ்சருகு, புளிய இலை, போதாக்குறைக்குச் சீமைக் கருவேலம். பெரிய கண் வைத்த பிளாஸ்டிக் வலை போட்டால் புளிய இலையும் கருவேல இலையும் வாசலில் நுழைகிற மாதிரி நுழைந்துவிடும். நுழைந்த பிறகு மேலே மூடி கிடப்பதால் கை விட்டு அள்ளவும் முடியாது. சரி, பொடிக் கண் வைத்த எஸ்.எஸ். வலை போடலாம் என்றால், சித்திரையில் வேப்பம்பூ உதிர்கிறது, ஆடிக் காற்றில் கரிசல் புழுதி அதன் மேல் படிகிறது, ஐப்பசியின் முதல் தூறலில் இரண்டும் குழைந்து மாவாக அப்பிக்கொள்கிறது. பிறகு பெய்கிற மழை வலை மேல் வழுக்கித் தெருவுக்கு ஓடும். அல்லது பின்பக்கம் ஏறி ஓட்டுக்கு அடியில் போய்ச் சட்டத்தை நனைக்கும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் கைமரம் உளுத்தது இப்படித்தான். ஸ்பாஞ்சை வெட்டித் தகரத்துக்குள் திணிக்கிற வகையும் உண்டு. அது எறும்புக்கும் பூச்சிக்கும் கட்டிக்கொடுத்த வீடு, அவ்வளவுதான்.

தண்ணீர் போனால் போகட்டும் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. (31 வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.) ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 500 சதுர அடி ஓட்டுக் கூரை ஏறக்குறைய 46 சதுர மீட்டர். நம் மாவட்டத்தின் ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர். ஆக, 36,000 லிட்டருக்கு மேல் அந்தக் கூரையில் விழுகிறது. முதல் மழை, சிந்தியது, சிதறியது போக 30,000 என்று வைத்தாலும், 15 லிட்டர் குடத்தில் 2,000 குடம். ஆழ்குழாய் போட்டால் பல இடங்களில் உப்புத் தண்ணீர் வருகிற பூமியில், லாரித் தண்ணீரைக் குடக் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறவர்களுக்கு 2,000 குடம் என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

2003-ல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அரசு சொன்னது. ஊரெல்லாம் குழாய் இறங்கியது. அந்தக் குழாய்களில் எத்தனை இன்றைக்குத் தண்ணீரைப் பார்க்கின்றன? போட்டதோடு கடமை முடிந்தது என்று விட்டதால் தூர்ந்தவைதான் அதிகம். நம் ஊருணிகளை நினைத்துப் பாருங்கள். வரத்துக்காலுக்கு யாராவது மூடி போட்டார்களா? மழைக்கு முன்னால் ஊர் கூடி மண்வெட்டியோடு இறங்கிச் செத்தையை அள்ளினார்கள், தண்ணீர் வந்தது. அள்ளுகிற வழக்கம் நின்ற இடத்தில் ஊருணியும் நின்றது.

அவ்வளவு தூரம் ஏன், 2016-ல் நம் கமுதிப் பக்கம் வந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தில் ஏறக்குறைய 25 லட்சம் தகடுகள். அவற்றைத் துடைக்கவே தானாக ஓடும் எந்திரங்கள் வைத்திருக்கிறார்கள். அத்தனை பெரிய முதலீட்டுக்காரருக்கே இந்தப் புழுதியில் துடைக்காமல் ஆகவில்லை. நம் நாலங்குலத் தகரம் மட்டும் ஆயுசுக்கும் துடைக்காமல் ஓடுமாம்!

வலையே கூடாது என்று நான் சொல்லவில்லை. தகரத்தைத் திறந்தே விடுங்கள். தண்ணீர் கீழே இறங்குகிற குழாயின் வாயில் மட்டும் கம்பியில் பந்து மாதிரி முடைந்த சல்லடையை நிறுத்துங்கள். தட்டையாக வைக்கக் கூடாது, இரண்டு இலை ஒட்டினாலே அடைந்துவிடும். பந்து எழும்பி நிற்பதால் அடியில் செத்தை சேர்ந்தாலும் மேல்வழியாகத் தண்ணீர் இறங்கும். தகரத்துக்கு 10 அடிக்கு அரை அங்குலச் சரிவாவது இருக்கிறதா என்று ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கீழே குழாயில் ஒரு டீ வைத்து மூடி போட்டுக்கொண்டால் முதல் மழை அழுக்கைத் திறந்து வெளியே விடலாம். அடர்ந்த மரத்தடி வீடு, வலை இல்லாமல் முடியவே முடியாது என்றால், ஸ்க்ரூ போட்டு முடுக்கிய வலை வேண்டாம். கையால் தூக்கி எடுத்து உதறுகிற மாதிரி கொக்கியில் மாட்டியது போதும். அதையும் தட்டையாகப் படுக்க விடாமல் கூரைச் சரிவோடு சாய்த்து வையுங்கள்.

"இந்த வயசில் ஏணி ஏறச் சொல்கிறீர்களா மாமா?" என்று ஒரு மருமகன் கேட்டார். நீங்கள் ஏற வேண்டாமய்யா. அறுபது தாண்டியவர்கள் யாரும் ஏற வேண்டாம். புரட்டாசி கடைசியில் ஒரு தரம், கார்த்திகையில் ஒரு தரம் ஒரு ஆளை ஏற்றினால் போதும். வலைக்குக் கொடுக்கிற காசில் பல வருடக் கூலி அடங்கிவிடும்.

மரத்தையே வெட்டிவிடுங்கள் என்று யோசனை சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். வேம்பு பெரும்பாலும் இலை கொட்டுவது மாசி, பங்குனியில். மழை வருவது ஐப்பசியில். நடுவில் ஆறு மாதம் கிடக்கிறதே, கூட்டித் தள்ள அது போதாதா? கூரை மேல் கவிகிற கிளையை மட்டும் கழித்துவிடுங்கள். அந்தத் தழை ஆட்டுக்கு ஆகும்.