பழவேற்காட்டில் எத்தனை இருளர்கள்? சென்சஸில் நேரடி பதில் இல்லையே, ஏன்?

பழவேற்காடு ஏரியில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களை வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். வலை இல்லை, படகு இல்லை. பிடித்த இறாலைப் போட வாயில் கவ்விய ஒரு பறி, அவ்வளவுதான். இந்த ஏரியைச் சுற்றி மொத்தம் எத்தனை இருளர்கள் இருக்கிறார்கள்? சிம்பிளான கேள்விதான். ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் புரட்டினால் நேரடி பதில் கிடைக்காது. ஏன்?

2011 கணக்கு என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் பழங்குடியினர் 7,94,697 பேர். மாநில மக்கள்தொகையில் இது 1.1 சதவீதம். இதில் இருளர்கள் 1,89,661 பேர். 2001-ல் இது 1,55,606 ஆக இருந்தது.

சிக்கல் இதற்குக் கீழே இறங்கும்போதுதான். எந்தப் பழங்குடி எத்தனை பேர் என்ற விவரம் மாவட்ட அளவோடு நின்றுவிடும். கிராம அளவில் 'பழங்குடியினர் இத்தனை பேர்' என்று மட்டும்தான் இருக்கும். அதுவும் வருவாய் கிராமத்துக்கான கணக்கு. ஊரைத் தாண்டி ஏரிக்கரையில் இருபது முப்பது வீடுகளோடு இருக்கும் இருளர் குடியிருப்பு, பெரிய கிராமத்தின் எண்ணுக்குள் கரைந்துவிடும்.

ஏரி ஒன்று, பட்டியல் இரண்டு

இந்தியாவில் யார் பழங்குடி என்பதை அரசமைப்புச் சட்டத்தின் 342-வது பிரிவின்படி வெளியிடப்படும் பட்டியல் முடிவு செய்கிறது. இந்தப் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. அந்தக் கரையில் வாழும் யானாதிகள் ஆந்திரப் பட்டியலில் பழங்குடி. தமிழ்நாட்டுப் பட்டியலில் அவர்கள் இல்லை. இருளர்கள் தமிழ்நாட்டுப் பட்டியலில் இருக்கிறார்கள்; ஆந்திரப் பட்டியலில் இல்லை.

கணக்கெடுக்கும்போது ஒருவர் எந்த மாநிலத்தில் இருக்கிறாரோ, அந்த மாநிலப் பட்டியல்தான் செல்லும். வேலைக்காக எல்லை தாண்டிய இருளர் குடும்பம் அங்கே எண்ணப்பட்டால், மக்கள்தொகையில் சேரும். பழங்குடிக் கணக்கில் சேராது.

எந்த மாதத்தில் எண்ணுகிறார்கள்?

2011-ல் கணக்கெடுப்பு நடந்தது பிப்ரவரி 9 முதல் 28 வரை. செங்கல் சூளைகளில் வேலை மும்முரமாக நடக்கும் காலம் இது. குடும்பத்தோடு சூளைக்குப் போய்விட்டால் ஊரில் வீடு பூட்டிக் கிடக்கும். அந்த நாட்கள் முழுக்க ஊரில் இல்லாதவரை, அவர் தங்கியிருக்கும் இடத்தில்தான் எண்ண வேண்டும் என்பது விதி. அங்கேயும் கணக்கெடுப்பாளர் வரவில்லை என்றால் இரண்டு பக்கமும் விடுபட்டுப் போவார்கள்.

எண் குறைந்தால் என்ன நஷ்டம்?

நிறைய. சட்டமன்றத் தனித்தொகுதிகளும் உள்ளாட்சி இடஒதுக்கீடும் மக்கள்தொகை விகிதத்தை வைத்துத்தான் முடிவாகின்றன. இப்போது தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஏற்காடு, சேந்தமங்கலம் என இரண்டுதான்.

இன்னொன்று, பிஎம்-ஜன்மன் திட்டம். மிகவும் நலிவுற்ற 75 பழங்குடிக் குழுக்களுக்காக 2023 நவம்பரில் தொடங்கப்பட்டது. இருளர்களும் இதில் உண்டு. இதில் சாலை இணைப்புக்கு, குடியிருப்பில் குறைந்தது 100 பேர் இருக்க வேண்டும். 110 பேர் வாழும் இடத்தில் 90 பேர்தான் என்று பதிவானால், அந்த 20 பேரால் ரோடே கைநழுவலாம்.

வெளிநாட்டில் எப்படி?

விடுபடுதல் எல்லா நாட்டிலும் நடக்கிறது. ஆஸ்திரேலியாவின் 2021 கணக்கெடுப்பில் தங்களைப் பூர்வகுடிகள் என்று பதிவு செய்தவர்கள் 8,12,728 பேர். விடுபட்டவர்களையும் பதில் பதிவாகாதவர்களையும் சரிக்கட்டிய பிறகு அரசே வெளியிட்ட மதிப்பீடு சுமார் 9.84 லட்சம். அதாவது, எண்ணியதை அப்படியே இறுதி உண்மையாக எடுத்துக்கொள்ளாமல், எத்தனை பேர் விடுபட்டார்கள் என்றும் கணக்குப் போட்டார்கள்.

2027-ல் என்ன கவனிக்கணும்?

அடுத்த கணக்கெடுப்புக்கான அடிப்படை நாள் 2027 மார்ச் 1. மக்களை எண்ணும் பணி இந்த முறையும் பிப்ரவரியில்தான். அதாவது, மறுபடியும் சூளை சீசன்!

சாதிச் சான்றிதழ் இல்லையே என்று யாரும் தயங்க வேண்டாம். கணக்கெடுப்பில் சான்றிதழ் காட்டத் தேவையில்லை. வாயால் சொல்வதுதான் பதிவாகும். 'எஸ்.டி' என்பதோடு நிறுத்தாமல் 'இருளர்' என்று பெயரையும் சேர்த்துச் சொல்லணும். அதே நேரம், இந்தப் பதிவைச் சான்றிதழுக்கு ஆதாரமாகக் காட்ட முடியாது. 1948-ம் ஆண்டு கணக்கெடுப்புச் சட்டம் அதை அனுமதிக்கவில்லை. சான்றிதழுக்குக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்குத் தனியாகத்தான் நடக்கணும்.

அரசு செய்ய வேண்டியது இரண்டு. சூளை, இறால் பண்ணை போன்ற வேலையிடங்களை விடாமல் எண்ணுவது. பழங்குடி வாரியான கணக்கைக் கிராமம், குடியிருப்பு வரை வெளியிடுவது. இந்த இரண்டும் நடந்தால்தான், பழவேற்காட்டில் எத்தனை இருளர்கள் என்ற கேள்விக்கு அடுத்த முறையாவது ஒரு எண்ணைச் சொல்ல முடியும்.