வண்டிப்பாதை அடைபட்டால் வாளாவிருக்கலாமா?

உரம், பூச்சிமருந்து பற்றிக் கேட்க வரும் விவசாயிகள், எழுந்து போகும்போது "ஐயா, இன்னொரு சங்கதி" என்று தயங்குவதுண்டு. பெரும்பாலும் அது பாதைத் தகராறுதான்.

அப்படி வந்த ஒருவரின் ஒன்றரை ஏக்கர் நெல் அறுவடைக்கு நின்றது. தகப்பனார் காலத்திலிருந்து வண்டி போன பாதையில், பக்கத்து நிலத்தைப் புதிதாக வாங்கியவர் கல்கால் நட்டுக் கம்பி கட்டிவிட்டார். அறுவடை இயந்திரம் போக வழியில்லை. வேலியை வெட்டச் சொன்னார்கள் உறவினர்கள். இவரோ பேசாமல் இருந்துவிட்டார். கதிர் முற்றி மணி உதிர்ந்தது. வெட்டுவதும் தவறு, வாளாவிருப்பதும் தவறு என்பதே என் கருத்து.

1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, பிறர் நிலத்தின் வழியாக 20 ஆண்டுகள் வெளிப்படையாக, சச்சரவின்றி, இடைவிடாமல், உரிமையாகவே சென்று வந்திருந்தால் பாதையுரிமை கோரலாம். அரசு நிலமானால் 30 ஆண்டுகள். அனுமதி கேட்டு நடந்த பாதை எத்தனை ஆண்டானாலும் இவ்வகையில் உரிமையாகாது. ஒரே நிலம் பாகம் பிரிந்து, ஒரு பாகத்துக்கு வேறு வழியே இல்லையென்றால், 20 ஆண்டு கணக்கின்றியே அவசியத்தின் பேரில் வழி கோரலாம்.

தடுத்தது தெரிந்தும் ஓராண்டு பொறுத்துப் போனால், அந்தத் தடை உங்களுக்கு எதிராகவே நிற்கும். ஆகவே உடனே வக்கீல் மூலம் நோட்டீசு அனுப்புங்கள். தாய்ப்பத்திரம், பாகப்பத்திரம், புலப்படம், பாதையின் புகைப்படம் ஆகியவற்றைச் சேகரியுங்கள். பாதையை அறிந்த பெரியவர்களைச் சாட்சியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

"கோர்ட்டுக்குப் போனால் இருக்கிற நிலமும் போய்விடும்" என்று அஞ்சுவோர் பலர். வட்ட சட்டப் பணிகள் குழு, தாலுகா நீதிமன்றத்திலேயே இயங்குகிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பின்றி இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. மக்கள் நீதிமன்றத்தில் இருவரும் இசைந்து முடித்தால் கட்டணமில்லை. அந்த முடிவு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அப்பீலும் கிடையாது. நாளையும் முகம் பார்க்க வேண்டிய பக்கத்து நிலத்துக்காரரோடு, இதுவே நல்ல வழி.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போதே, பாதை எத்தனை அடி, எந்தப் பக்கம், வாய்க்கால் யார் வழி என்று பத்திரத்தில் எழுதிப் பதிவு செய்துவிடுங்கள். அன்று எழுதும் இரண்டு வரி, பிள்ளைகள் காலத்தில் விளைச்சலைக் காக்கும்.