உடலின் நிறையும் உத்தியோகமும்

டென்மார்க்கு நாட்டிலே பில்லுண்ட் என்றோர் ஊர் உண்டு. லெகோ என்னும் விளையாட்டுக் கட்டைகள் பிறந்த ஊர் அது. அவ்வூர் நகரசபையின் கீழ், தம் வீட்டிலேயே சிறு குழந்தைகளைப் பராமரிக்கும் ஊழியராக ஒருவர் 1996ஆம் ஆண்டு முதல் பணியாற்றி வந்தார். மிகப் பருத்த உடலினர். அவருடைய நிறை 160 கிலோவிற் குறைந்ததில்லை. இடையில் ஓராண்டு, உடற்பயிற்சிக்கென நகரசபையே அவருக்குப் பண உதவியும் செய்தது.

2010 நவம்பரில் அவரை நீக்கினர். குழந்தைகளின் தொகை குறைந்துவிட்டதென்பது சொல்லப்பட்ட காரணம். காப்பாளர் பலரிருக்க இவரை ஏன் தெரிந்தெடுத்தனர் என்பதற்கு நீக்கக் கடிதத்தில் விடையில்லை. நீக்கம் பற்றிய சந்திப்பில் அவருடைய பருமனும் பேச்சில் அடிபட்டது என்பதை மட்டும் இரு தரப்பினரும் ஒப்புக்கொண்டனர்.

தொழிற்சங்கம் வழக்குத் தொடுத்தது. விடயம் ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்றது. 2014 டிசெம்பர் 18ஆந் திகதி அம்மன்று கூறியது இது: பருமன் காரணமாகப் பாகுபாடு காட்டலாகாது என்னும் பொது விதி ஐரோப்பியச் சட்டத்தில் இல்லை, ஆயினும் அப்பருமன் நெடுங்காலம் நீடித்து, ஏனையோர்க்கு ஒப்பத் தொழில் புரிவதைத் தடுக்குமாயின் அதனை அங்கவீனமெனக் கொண்டு பாதுகாப்பு அளிக்கலாம்.

இங்கேதான் சங்கடம். தரையில் அமர்ந்து குழந்தைகளோடு விளையாடத் தம்மால் இயலும், வேலையிற் குறை வைத்ததில்லை என்று சொல்லி வந்தவர் அம்மனிதர். 2016இல் டென்மார்க்கு நீதிமன்றம் அதனையே பற்றிக்கொண்டது. வேலையைச் செய்ய முடிந்தவர் அங்கவீனர் அல்லர். ஆகவே அவருக்குப் பாதுகாப்பும் இல்லை. வழக்குத் தோற்றது.

இதனை வாசித்தபோது நகைப்பதா, சினப்பதா என்று தெரியவில்லை. 'நான் இயலாதவன்' என்று மன்றிலே நின்று சொல்லியிருந்தால் ஒருவேளை அவர் வென்றிருக்கலாம். குறை பார்ப்பவர் கண்ணிலிருக்க, சட்டமோ அதனைப் பார்க்கப்பட்டவர் உடலிலே தேடுகிறது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் 1976இலேயே வேறு வழி கண்டது. இனம், மதம், பால் முதலியவற்றின் பேரால் வேற்றுமை காட்டலாகாதென விதித்த சட்டத்தில், உயரத்தையும் நிறையையும் அது சேர்த்துக்கொண்டது. 2023இல் நியூயோர்க் நகரமும் அவ்வாறே செய்தது. அங்கெல்லாம் எவரும் தம்மை அங்கவீனர் என்று அழைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

'தீயணைப்பவனுக்கு உடற்கட்டு வேண்டாமா?' என்பர் சிலர். வேண்டும். ஏணியில் ஏறச் சொல்லிப் பார்க்கட்டும், தராசில் ஏற்றுவானேன்? தொழிலுக்கு இன்றியமையாத இடத்தில் அச்சட்டங்களும் விலக்கு அளிக்கின்றன. 'வாயைக் கட்டினால் உடல் வற்றாதா?' என்பர் வேறு சிலர். மதத்தையுந்தான் மனிதன் மாற்றிக்கொள்ளலாம். அதனால் மதம் பார்த்து வேலை கொடுக்கலாமென்று வாதிப்பார் உண்டா? (பருத்த ஆசிரியருக்கு மாணாக்கர் இடும் பட்டப்பெயரைக் கேட்டு, ஆசிரியர் அறையிலே சிரித்த குற்றம் எம்மிற் பலருக்கும் உண்டு. அவர் கணிதம் கற்பிக்கும் விதம் எப்படியென்று நாம் கேட்டதில்லை.)

அந்தக் குழந்தை காப்பாளர் மிச்சிகனிலே வாழ்ந்திருந்தால், 'உமது உடலில் என்ன குறை?' என்று அவரை யாரும் கேட்டிருக்கமாட்டார். 'இவரை ஏன் தெரிந்தெடுத்தீர்?' என்று நகரசபையைத்தான் கேட்டிருப்பர்.