காணும் தூசியும் காணாத் தூசியும்

டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமராவின் வியூஃபைண்டருக்குள் தெரியும் தூசியைப் போல் அதன் உரிமையாளரை அலைக்கழிக்கும் அற்பப் பொருள் வேறொன்று இருக்க முடியாது. லென்ஸைத் துடைத்தாலும் அது போவதில்லை. வேறு லென்ஸைப் பொருத்தினாலும் அதே இடத்தில் அசையாமல் நிற்கிறது. பறவையைத் தேடி வானத்தை நோக்கினால் பறவைக்கு முன் அதுவே கண்ணில் படுகிறது. உடனே பஞ்சும் துணியுமாகக் கேமராவின் உட்புறத்தில் கைவைக்கும் ஆர்வம் பிறந்துவிடுகிறது. அந்த ஆர்வத்தைச் சற்றே தடுத்து நிறுத்த விரும்புகிறோம். காணும் தூசியைக் காட்டிலும் காணாத தூசியே கவலைக்குரியது என்பது நமது கட்சி.

இதை விளக்கக் கேமராவினுள் ஒளி செல்லும் வழியைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். லென்ஸின் வழியே நுழையும் ஒளி, 45 பாகைச் சாய்வில் நிற்கும் ஒரு கண்ணாடியில் பட்டு மேலே திரும்புகிறது. அங்கே படுக்கைவாட்டில் அமைந்த ஃபோகஸிங் ஸ்க்ரீன் என்னும் மங்கலான திரையில் காட்சி உருவாகிறது. அதற்கு மேலுள்ள பட்டகம் அக்காட்சியை நேராக்கி நமது கண்ணுக்கு அனுப்புகிறது. பொத்தானை அழுத்தியதும் சாய்ந்த கண்ணாடி மேலெழுந்து வழிவிடுகிறது; ஒளி நேரே பின்னாலுள்ள சென்சாரைச் சென்றடைகிறது. அக்கணத்தில் வியூஃபைண்டர் இருண்டுபோகிறது. அதாவது, படம் பதிவாகும் நேரத்தில் லென்ஸின் ஒளி நாம் பார்த்துக்கொண்டிருந்த பாதையில் செல்வதே இல்லை. அப்பாதையில் குடியிருக்கும் தூசி படத்தில் எவ்வாறு இடம்பெறும்? வாசிப்பவரின் மூக்குக்கண்ணாடியில் படிந்த தூசி நூலில் அச்சாகிவிடாது அல்லவா?

லென்ஸிலிருந்து சென்சார் எவ்வளவு தொலைவிலோ, ஒளி செல்லும் வழியை அளந்தால், அதே தொலைவில்தான் ஃபோகஸிங் ஸ்க்ரீனும் இருக்கிறது. ஆகவே அதில் ஒட்டிய துகள், காட்சியோடு காட்சியாகக் கூர்மையாகத் தெரிகிறது. சாய்ந்த கண்ணாடியின் மேல் கிடக்கும் துகளோ குவியத்துக்கு அப்பால் இருப்பதால் பெரும்பாலும் தெரிவதே இல்லை. எனவே கூர்மையான கரும்புள்ளி தெரிந்தால் அது திரையில் இருக்கிறது என்று கொள்ளலாம்.

அதைத் துடைத்தால் என்ன என்று கேட்கலாம். துடைக்கக் கூடாது என்பதே பதில். அத்திரை பெரும்பாலான கேமராக்களில் நுண்ணிய வரிகள் கொண்ட மென்மையான பிளாஸ்டிக். துணியோ பஞ்சோ பட்டால் கீறல் விழும். தூசி ஒருநாள் தானே நகர்ந்துவிடக்கூடும், கீறல் நகராது. சாய்ந்த கண்ணாடியும் நம் வீட்டு முகம் பார்க்கும் கண்ணாடி போன்றது அன்று. வீட்டுக் கண்ணாடியில் ரசம் பின்புறம் பாதுகாப்பாக இருக்கிறது. இதில் பூச்சு முன்புறத்திலேயே இருப்பதால் விரல் பட்டாலே கறை படியும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். டப்பாவில் அடைத்து விற்கும் காற்றும் சில வேளைகளில் திரவத்தை உமிழ்ந்துவிடும்.

செய்யத்தக்கது ஒன்றுதான். லென்ஸைக் கழற்றி, கேமராவின் வாய் தரையை நோக்குமாறு பிடித்து, கையால் அமுக்கிக் காற்றடிக்கும் ரப்பர் குமிழால் இரண்டு மூன்று முறை மெதுவாக ஊதலாம். திரையின் அடிப்புறத்தில் இருக்கும் தூசி இதில் பெரும்பாலும் விழுந்துவிடும். விழாவிட்டால் அது திரைக்கும் பட்டகத்துக்கும் இடையே இருக்கிறது என்று உணர்ந்து குமிழைக் கீழே வைத்துவிட வேண்டும்.

உறுத்தல் உறுத்தல்தானே என்று சிலர் கூறுவர். அதையும் மறுப்பதற்கில்லை. சட்டகத்தை ஒழுங்குசெய்யும் கண்ணுக்கு ஒரு கரும்புள்ளி இடையூறுதான். 1959-இல் வந்த நிக்கான் எஃப் ஃபிலிம் கேமராவிலேயே திரையைக் கழற்றி மாற்றும் வசதி இருந்தது; டிஜிட்டல் கேமராக்கள் சிலவற்றிலும் உண்டு. அத்தகைய கேமராவாயின் அறிந்தவர் கையால் திரையை மாற்றிக்கொள்வதில் பிழையில்லை. ஓரிரு புள்ளிகளுக்காகக் கேமராவைப் பிரிக்கச் சொல்வதைத்தான் வேண்டாம் என்கிறோம்.

இனிக் காணாத் தூசிக்கு வருவோம். ஃபிலிம் காலத்தில் ஒவ்வொரு படத்துக்கும் புதிய பரப்பு வந்தது. ஒரு சட்டகத்தில் ஒட்டிய தூசி அதனோடு நகர்ந்து போயிற்று. டிஜிட்டலிலோ எல்லாப் படங்களுக்கும் ஒரே சென்சார். அதன் முன்னுள்ள கண்ணாடித் தகட்டில் ஒரு துகள் ஒட்டிக்கொண்டால் ஆயிரம் படங்களிலும் அதே இடத்தில் அதன் நிழல் விழும். வியூஃபைண்டரில் அது தெரியவே தெரியாது. எஃப் 2.8 போன்ற அகன்ற துளையில் ஒளி பல திசைகளிலிருந்து சாய்ந்து வருவதால் நிழல் கரைந்துவிடுகிறது. எஃப் 16, எஃப் 22 எனத் துளை குறுகக் குறுக நிழல் உறுதிப்பட்டு, நீல வானத்தில் சாம்பல் பொட்டுகளாக வெளிப்படுகிறது.

உற்பத்தியாளர்களும் இத்தூசியையே பெரிதாகக் கருதினர். 2003-இல் வந்த ஒலிம்பஸ் இ-1, சென்சாரின் முன்னுள்ள தகட்டை மீயொலியால் அதிரச்செய்து தூசியை உதறியது. 2006-இல் கேனான் 400டி-யும் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் சென்சாரோடு வந்தது. வியூஃபைண்டரின் தூசிக்கு அத்தகைய ஏற்பாட்டை அவை செய்யவில்லை.

செய்திப் படங்களின் அறத்திலும் இவ்வேறுபாட்டுக்கு இடமுண்டு. அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் நெறிமுறை, சென்சார் தூசியின் தடத்தைப் படத்திலிருந்து அகற்றுவதை அனுமதிக்கிறது. காட்சியில் இருந்த பொருளை அகற்றுவதை அனுமதிப்பதில்லை. சிரியப் போர்ப் படமொன்றின் மூலையில் கிடந்த சக பத்திரிகையாளரின் வீடியோ கேமராவை அழித்ததற்காக, ஒரு நிழற்படக் கலைஞருடனான உறவை அந்நிறுவனம் 2014 ஜனவரியில் முறித்துக்கொண்டது. இரண்டையும் அழிக்கும் மென்பொருள் கருவி ஒன்றேதான். தூசி கேமராவுடையது, காட்சி உலகத்துடையது என்னும் தெளிவு கையாள்பவரிடம்தான் இருக்க வேண்டும்.

இன்று பெரிய நிறுவனங்களின் கவனம் சாய்ந்த கண்ணாடி இல்லாத கேமராக்களின் பக்கம் திரும்பிவிட்டது. அதனாலேயே நல்ல எஸ்.எல்.ஆர். கேமராக்கள் பழைய விலைக்குக் கிடைக்கின்றன. கைப்பணம் குறைந்த இளைஞர்கள் பலர் அவற்றில்தான் இக்கலையைத் தொடங்குகின்றனர். அவர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான். வியூஃபைண்டரில் நான்கு புள்ளிகள் தெரிகின்றன என்று நல்ல கேமராவை ஒதுக்கிவிடாதீர்கள்; வியூஃபைண்டர் பளிங்காக இருக்கிறது என்று நம்பிப் பணத்தைக் கொடுத்தும் விடாதீர்கள். எஃப் 22-இல், குவியத்தைக் கலைத்து, ஒரு வெள்ளைத் தாளைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். லென்ஸ் காட்சியைத் தலைகீழாகவே சென்சாரில் வீழ்த்துவதால், படத்தின் மேற்பகுதியில் தெரியும் பொட்டு சென்சாரின் கீழ்ப்பகுதியில் இருக்கும். பொட்டுகள் இருந்தாலும் அஞ்ச வேண்டாம். சென்சாரைச் சுத்தம் செய்ய முடியும். திரையில் விழுந்த கீறலுக்குத் திரையை மாற்றுவது தவிர வேறு வழியில்லை.