கடலுக்கு உரமிடுவது யார்?

கடலில் மீன் எப்படி விளைகிறது என்று கேட்டால், கடல் தாயின் கருணை என்பார்கள். கருணை என்றால் அது எந்த வழியாக வருகிறது என்று நாம் கேட்கிறோம்.

வெப்பக் கடல்களில் சில சமயம் மரத்தூள் கொட்டியதுபோல் ஒரு படலம் மிதக்கும். 1823-ல் செங்கடலோரத்துத் தூர் என்னும் ஊரில், இதனால் தண்ணீர் சிவந்து கிடந்தது. ஜெர்மானிய விஞ்ஞானி எஹ்ரன்பெர்க் அதைத் தெய்வகோபம் என்று கும்பிடவில்லை. பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். நூல் நூலாய் ஓர் உயிர் தெரிந்தது. 1830-ல் அதற்கு டிரைக்கோடெஸ்மியம் என்று பெயரிட்டார்.

காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன் இருந்தும், பயிரோ மீனோ அதை நேரே எடுத்துக்கொள்ள முடியாது. இந்த நுண்ணுயிர் எடுத்து உரமாக்குகிறது. 1961-ல் சர்காசோக் கடல் ஆராய்ச்சி இதைக் காட்டிற்று. இதற்கு வேண்டிய இரும்பை, அட்லாண்டிக் கடலில் சகாராப் பாலைவனத்துத் தூசி கொண்டுவந்து சேர்க்கிறது. அந்த உரத்தால் நுண்பாசி வளர்கிறது; அதைத் தின்று சிற்றுயிர்களும், அவைகளைத் தின்று மீன்களும் வளர்கின்றன.

மனிதன் எரிக்கும் நிலக்கரியாலும் எண்ணெயாலும் கடல் சூடேறிவருகிறது. இந்த உரம் பெருகுமா, குறையுமா? அளந்து பார்த்தால்தான் தெரியும். பூசை போட்டால் தெரியாது. வலை வீசிப் பிழைப்பவனுக்கு இது வயிற்றுப் பிரச்சினையல்லவா? யோசித்துப் பாருங்கள்.